பலகை அடித்த கல்வீட்டை விற்கப் போன கதை

அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வரும். வயது போனால் கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறார்கள். யாருக்கு ஆறியதோ தெரியாது, எனக்கு ஆறவில்லை.

புளியங்குளத்துச் சந்தியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிற தெருவில், காடும் வயலும் மாறி மாறி வருகிற இடத்தில் எங்கள் வளவு இருந்தது. வளவின் நடுவில் ஒரு கல்வீடு. ஒல்லாந்தர் காலத்தில் யானை பிடிக்க வந்த அதிகாரி ஒருவன் கட்டியது என்று ஒரு கதை. இல்லை, அவனுக்கு யானை பிடித்துக் கொடுத்த எங்கள் ஆள் ஒருவன் கட்டியது என்று இன்னொரு கதை. யார் கட்டினால் எனக்கென்ன, சுகமாக இருந்துவிட்டுப் போனவன் அவன், கிடந்து அல்லற்பட்டவள் நான். சுவர் அவ்வளவு தடிப்பு, ஜன்னலுக்குள் ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கலாம். கதவு நிலையெல்லாம் கருங்காலி. கூரைக்குப் பீலி ஓடு, அதைத் தாங்க முதிரை மரத்து வளைகள். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு. வளவும் கிணறும் மட்டும் எனக்கும் அம்மாவின் தம்பிக்கும் பிரிபடாத பங்கு. அம்மாவின் தம்பி என்றால் எனக்கு அம்மான். என் கோபத்தில் பாதி அந்தப் பலகைக்கு, மற்றப் பாதி இந்த அம்மானுக்கு.

பலகை வந்தது என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது. கொழும்பிலிருந்து பழைய கட்டிடங்களைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோர்க்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். சுவரைத் தட்டினார்கள், நாடா பிடித்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். நானும் விசரி, ஓடி ஓடித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச மாதம் கழித்து ஒரு பலகையைக் கொண்டுவந்து முன்சுவரில் அடித்தார்கள். இது பாதுகாக்கப்பட்ட கட்டிடம், இதை இடிப்பவரும் மாற்றுபவரும் தண்டிக்கப்படுவர் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. என் வீட்டுச் சுவரில் என்னையே தண்டிப்பேன் என்று எழுதி அடித்துவிட்டு, வந்தவர் பெரிய மரியாதையாகக் கைகூப்பிவிட்டுப் போனார். ஊர்ச்சனம் நாலு நாள் வந்து வாய் பார்த்தது. பேருந்திலிருந்து இறங்கி எட்டிப் பார்த்துப் போனவர்களும் உண்டு. எனக்குக் கல்வீட்டுக்காரி என்று பேரும் வந்தது. பேருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அந்த மாரியில் கூரை ஒழுகத் தொடங்கியது. ஓடு உடைந்த இடமெல்லாம் தண்ணீர் ஊற்றியது. குசினிக்குள் அடுப்பு மூட்ட முடியவில்லை. என் மனுஷன் சந்தியிலிருந்து தகரம் வாங்கி வந்து அந்தப் பக்கத்தை மூடினார். இவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். இவருக்குக் கோபம் என்ற சாமானைக் கடவுள் வைக்க மறந்துபோனார். நான் கத்துவேன், இவர் மாட்டுக்கு வைக்கோல் போடுவார். நான் இன்னும் கத்துவேன், இவர் தண்ணீரும் வைப்பார். அப்படிப்பட்ட ஆள் கஷ்டப்பட்டு அடித்த தகரத்தை, அடுத்த முறை வந்த கந்தோர்க்காரர் ஆகாயத்தைப் பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள்தான், நல்ல தமிழ்.

"அம்மா, உந்தத் தகரத்தைக் கழட்ட வேணும்."

"மழை உள்ளுக்கை ஊத்துது ஐயா. பிள்ளையள் நனையுது."

"அது விளங்குது. ஆனால் பழைய ஓடு மாதிரியே போட வேணும். இல்லாட்டில் விடேலாது."

"அந்த ஓடு சுட்டவன் செத்து, அவன்ரை சந்ததியும் செத்துப்போச்சு. நான் எங்க போய் வாங்கிறது?"

"கொழும்புக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கோ."

விண்ணப்பம் போட்டோம். எத்தனை போட்டோம் என்று எண்ணவில்லை. ஒன்றுக்கும் பதில் இல்லை. தகரம் கழன்றதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் காலை, பிள்ளையைக் குளிக்க வார்க்க, வளையில் கட்டியிருந்த ஏணையிலிருந்து தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். இடி விழுந்ததுபோலச் சத்தம். ஓடிவந்து பார்த்தால் உளுத்த முதிரை வளை ஒன்று ஏணைக் கயிற்றையும் அறுத்துக்கொண்டு நிலத்தில் கிடந்தது. அன்றைக்கே சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வளவு மூலையில் ஒரு மண் கொட்டிலுக்குள் புகுந்தோம். இவர் வைக்கோலால் வேய்ந்த கொட்டில். ஒரு சொட்டும் ஒழுகாது. கல்வீடு வௌவாலுக்கு, கொட்டில் எங்களுக்கு. அரசாங்கம் எங்களை விட்டுவிட்டு வௌவாலைப் பாதுகாத்தது.

எங்கள் பிழைப்பு அம்மானின் வயலில்தான் நடந்தது. இவர் உழுவார், விதைப்பார், காவல் இருப்பார், வெட்டுவார். விளைந்ததில் பாதி அம்மானுக்கு. வெட்டிய நெல்லைச் சூடு மிதிக்கிற நாளில் அம்மான் களத்துக்குக் கதிரை கொண்டுவரச் சொல்லி, தோளில் சால்வையோடு உட்காருவார். எங்கள் பாதியிலிருந்தும் விதைநெல்லுக்கு என்று ஒரு தரம், மாட்டுக்கூலிக்கு என்று இன்னொரு தரம் அள்ளுவார். இவர் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த நேரத்தில்தான் துணுக்காய்ப் பக்கம் குளம் திருத்தி, காணி இல்லாத குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. எங்கள் வயல், எங்கள் நெல், யாரும் கதிரை போட்டு உட்காராத களம். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பேர் பதியச் சொல்லி இவரை ஊர் விதானையாரிடம் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனேன். விதானையார் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, காணி இல்லாதவைக்குத்தான் காணி. உன்ரை பேரிலை கல்வீடு இருக்கெல்லோ?"

"அதுக்குள்ளை ஆர் இருக்கினம் விதானையார்? வந்து பாருங்கோவன்."

"நான் பாத்து என்ன? உறுதிப் பத்திரத்தில உன்ரை பேர் இருக்குது. காணிக் கச்சேரி வரமுந்தி அதை ஆருக்கும் வித்துப்போட்டு வாருங்கோ, நான் எழுதித் தாறன்."

காணிக் கச்சேரி என்றால், பெரிய துரை வந்து ஊர் நடுவில் உட்கார்ந்து, எல்லாரும் பார்த்திருக்க ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு விசாரித்துக் காணி கொடுக்கிற நாள். அதற்கு முதல் வீட்டைத் தலைமுழுக வேண்டும். விலை எனக்கு முக்கியமில்லை. சனியன் கழன்றால் போதும்.

சந்தியில் அரிசி ஆலை வைத்திருந்தவர் வந்தார். செங்கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்தது, பலகையைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பினார். பிறகு வந்தவர் முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களும் வலைகளும் வைத்திருந்த சம்மாட்டியார். வேதக்காரர், கழுத்தில் மாதா சுருபம். கூட வந்த அவருடைய மனைவிக்கு இழுப்பு. கடற்காற்று ஆகாது, உள்நாட்டில் தடித்த சுவர் உள்ள வீடு பாருங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பலகையைப் பற்றி நானே முந்திக்கொண்டு சொன்னேன், ஒளித்து விற்க எனக்கு மனம் வரவில்லை.

"கிடக்கட்டும் தங்கச்சி. ஓட்டுக்கு நான் கொழும்பில போய் நிண்டு அலுவல் பாப்பன். உள்ளுக்கை வந்தவுடனை இவாவுக்கு மூச்சு லேசா வருது, கண்டியே?" என்றார். அந்த அம்மா சுவரில் கையை வைத்துக்கொண்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சிரித்தார். எனக்கு அந்த வீட்டைப் பார்த்து முதல் தரமாகக் கொஞ்சம் பெருமை வந்தது.

எங்கள் பக்கத்துச் சட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. வளவில் பங்கு உள்ளவருக்கும், இரத்த உரிமை உள்ள உருத்துக்காரருக்கும் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால்தான் பிறத்தியாருக்கு விற்கலாம். அம்மான் பங்குக்காரரும்தான், உருத்துக்காரரும்தான். எழுத்தில் அறிவிப்பதுதான் முறை என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் தாய்மாமனுக்கு யாராவது உறுதி எழுதுகிற நொத்தாரிசு மூலம் கடிதம் அனுப்புவார்களா? என்னை மடியில் வைத்துக் காது குத்தியவர். அப்படி ஒரு கடிதம் போயிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும். அதனால் முறைப்படி தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு நானும் இவரும் போனோம்.

"அம்மான், வீட்டை விக்கப் போறம். முல்லைத்தீவார் ஒராள் கேக்கிறார். உங்களுக்கு வேணுமெண்டால் நீங்கள்தான் முதல்."

அம்மான் வெற்றிலையை எடுத்து, நரம்பு கிழித்து, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டார். "எனக்கென்னத்துக்குப் பிள்ளை உந்தப் பாழ்வீடு? நல்ல ஆளாப் பாத்துக் குடு" என்றார். மாமியும் இருந்தா, களத்துக்கு வந்த இரண்டு பேரும் இருந்தார்கள். வெற்றிலை போட்டுச் சொன்ன வார்த்தை. அதற்கு மேல் என்ன வேண்டும்?

வவுனியாவில் உறுதி முடிக்க நாள் வைத்தோம். நான் பெட்டியின் அடியில் கிடந்த கூறைச் சேலையை எடுத்துக் கட்டினேன், அவ்வளவு சந்தோஷம். நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் ஏறினால், மர வாங்கில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அம்மான் இருக்கிறார். சம்மாட்டியாரும் மனைவியும் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் இருக்கிறார்கள்.

"உருத்துக்காரன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்க, பிறத்தியானுக்கு எப்பிடி விப்பியள்?" என்றார்.

நான் விறாந்தையிலேயே கத்தினேன். "அம்மான், வெத்திலை போட்டுச் சொன்னனீங்களே! மாமி கேட்டவா, எல்லாரும் கேட்டவை!"

"வெத்திலை போட்டனான்தான். வாயாலை சொன்னது செல்லுமே பிள்ளை? எழுத்தில ஒண்டும் தரேல்லையே."

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சட்டம் அப்படித்தான் என்றார். எழுத்தில் அறிவித்து, தவணை கொடுத்து, அதற்குப் பிறகுதான் விற்கலாம். தவணை முடிவதற்குள் காணிக் கச்சேரி முடிந்துவிடும்.

"அப்ப நீங்களே வாங்குங்கோ! இப்பவே எழுதுவம்!" என்றேன்.

"பாப்பம், பாப்பம். வசதி வரட்டும்."

அப்போதுதான் எனக்கு வெளித்தது. அம்மானுக்கு வீடு வேண்டாம். நாங்கள் காணி எடுத்துப் போனால் இப்படி மாடுபோல உழைக்க அவருக்கு வேறு ஆள் கிடைக்காது. நாங்கள் வெளிக்கிடக் கூடாது, அவ்வளவுதான். கோதாரி விழுந்த மனுஷன், அக்காள் பிள்ளையின் வாயில் மண் போடுவதற்காகவே விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, பேருந்து ஏறி வந்திருக்கிறார்! சம்மாட்டியார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவருடைய மனைவி மூச்சு இழுக்க இழுக்க என் கையைப் பிடித்து, "கவலைப்படாதை பிள்ளை" என்றா. நான்தான் அவவுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வரும் வழியெல்லாம் இவரைப் பிடித்துத் தின்றேன். "உங்களுக்கு வாய் எண்டு ஒண்டு இருக்கோ? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை கேட்டீங்களோ அந்த மனுசனை?"

"கேட்டு என்ன?" என்றார் இவர். பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் ஏசினேன்.

பேரைப் பட்டியலில் போடுங்கள், வந்து கேட்டுத்தான் பார்ப்போம் என்று விதானையாரிடம் கெஞ்சியிருந்தேன். காணிக் கச்சேரி பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. துரை மேசையில் இருந்தார். ஆம்பிளையள் ஒரு பக்கம், பெண்டுகள் ஒரு பக்கம். ஒரு பேரைக் கூப்பிட்டால், அந்த ஆளைப் பற்றித் தெரிந்த எவரும் எழும்பி ஆட்சேபம் சொல்லலாம். அதுதான் அங்கத்தை வழக்கம். இவருடைய பேர் கூப்பிட்டார்கள். இவர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

துரை வாய் திறக்குமுன் பின்னால் ஒரு செருமல். அம்மான் எழும்பிச் சால்வையைச் சரிசெய்தார்.

"ஐயா, எனக்கு இவையோடை ஒரு கோபமும் இல்லை, சொந்தச் சகோதரியின்ரை பிள்ளை. ஆனால் ஏழை எளியதுக்குப் போற காணி பாருங்கோ. இவைக்குக் கல்வீடு இருக்கு. அரசாங்கமே பலகை அடிச்ச வீடு!"

மண்டபம் சிரித்தது. துரை பேனையை எடுத்தார். அந்தப் பேனை எங்கள் பேரை வெட்டப் போகிறது என்று கண்டதும் எனக்கு நாணம், மரியாதை, தாய்மாமன் எல்லாம் பறந்துபோனது. எழும்பிவிட்டேன்.

"ஐயா, வெட்டாதேங்கோ! அந்த வீட்டை நான் விக்கப் போனனான். விக்க விடாமல் மறிச்சது இந்த மனுசன்தான். உருத்துக்காரன் தானாம், தனக்குத்தான் முதல் உரிமையாம். வாங்கவும் மாட்டாராம், விடவும் மாட்டாராம். சரி, இனி விக்கிற கதை வேண்டாம். வீட்டையும் வளவுப் பங்கையும் நான் சும்மா குடுக்கிறன். ஒரு சதம் வேண்டாம் எனக்கு. இந்தச் சபையில வைச்சு அம்மான் ஏற்கட்டும். இல்லையெண்டால் எனக்கு உருத்து வேண்டாமெண்டு இப்பவே எழுத்தில தரட்டும். எழுத்திலதான் வேணும், வாயாலை வேண்டாம்!"

துரை பேனையைக் கீழே வைத்தார். "என்ன ஐயா சொல்லுறீங்கள்? ஏற்கிறீங்களோ, விடுறீங்களோ?"

அம்மான் இங்கும் அங்கும் பார்த்தார். "அவள் கோவத்தில கதைக்கிறாள் ஐயா..." பின்னால் யாரோ, "என்ன, சும்மா தந்தாலும் வேண்டாமோ?" என்று கத்தினார்கள். மறுபடி சிரிப்பு. இந்த முறை அம்மானைப் பார்த்து. அவருடைய முகத்தில் கணக்கு ஓடியதை நான் கண்டேன். கருங்காலிக் கதவு, முதிரை வளை, செங்கல், எல்லாம் சும்மா. விட்டால் சம்மாட்டியாருக்குப் போகும்.

"ஆர் வேண்டாமெண்டது? என்ரை அக்கான்ரை வீடு. ஏற்கிறன்" என்றார்.

துரை இவரைப் பார்த்தார். "மனைவியின்ரை சொத்தெண்டாலும் புருஷன் கையெழுத்து வைக்காமல் குடுக்கேலாது. உமக்குச் சம்மதமோ?"

என் அம்மா எனக்குத் தந்த வீடு! வைத்திருக்கக் கந்தோரைக் கேட்க வேண்டும், விற்க அம்மானைக் கேட்க வேண்டும், சும்மா கொடுக்கவும் புருஷனைக் கேட்க வேண்டும். அந்த வீட்டில் எனக்குச் சொந்தமாக இருந்தது தலையிடி மட்டும்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அதைவிடப் பயம், இவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கப் போகிறாரே என்று.

இவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "சம்மதம் ஐயா. இண்டைக்கே வைக்கிறன் கையெழுத்து." பிறகு அம்மானின் பக்கம் திரும்பினார். "இனி உங்கடை வயலுக்கு நான் வரமாட்டன். ஆள் பாருங்கோ."

கலியாணம் செய்து அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த மனுஷனை நான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்து மாமரத்தடியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துப் பெண்டுகள் தேற்றினார்கள். சந்தோஷம் அரைவாசிகூட இல்லை.

உறுதியை எழுதிக் காட்டினோம், காணி கிடைத்தது. காடு வெட்டி, வேர் கிளப்பி, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்து, வயலாக்கினோம். சம்மாட்டியாரின் மனைவி அடுத்த மாரிக்கே இழுப்பு முற்றி உயிரை விட்டுவிட்டா என்று மீன் கொண்டுவந்த ஒருவர் சொன்னார். கடற்கரை வீட்டிலேயேதான். அந்தச் செய்தி வந்த அன்று நான் உலை வைக்கவில்லை. அம்மானின் பேரைச் சொல்லி மண் அள்ளித் திட்டினேன். வாய் நோகத் திட்டினேன். இவர் தடுக்கவில்லை.

அம்மான் வந்தது அதற்குப் பிறகு ஒரு போகம் கழித்து, நல்ல வெயிலுக்குள். சால்வை இல்லை. கருங்காலி நிலைகளைக் கழற்றி விற்றுவிட்டு, பின்சுவரை இடித்து அந்தக் கல்லில் நெல் அறை கட்டத் தொடங்கியிருக்கிறார். கந்தோர்க்காரர் வந்து கண்டு வழக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் கூரை ஒழுகியபோது ஒரு விண்ணப்பத்துக்கும் பதில் சொல்லாதவர்களுக்கு, வழக்கு வைக்க மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

"பிள்ளை, உன்ரை காலத்திலேயே அது உடைஞ்சுதான் கிடந்தது, கதவும் அப்பவே இல்லையெண்டு கோட்டில வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னால் நம்புவினம்."

நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகை நிறுத்தவில்லை.

"வாயாலை சொன்னது செல்லாது அம்மான். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவர் போகவில்லை, நிழலில் குந்தியிருந்தார். மத்தியானம் ஆகிவிட்டது, படி ஏறி வந்த தாய்மாமனைப் பட்டினியாக அனுப்ப முடியாது. சோறு போட்டேன். எங்கள் வயல் அரிசி, பாதி யாருக்கும் கொடுக்காத அரிசி. அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை நான் மறுசோறு வேண்டுமா என்று கேட்கவில்லை.